அப்பாரு சொன்ன கூட்டம்

1936 தை மாதத்தில் இருபத்தொரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹட்டனிலிருந்து சென்னிமலைப் பக்கம் போய்வந்தேன். நான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மகள் மரகதத்துக்குப் பங்குனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குலதெய்வத்தின் முன் வெற்றிலை பாக்கு வைக்காமல் கொங்கு நாட்டார் கல்யாண வேலையைத் தொடங்குவதில்லை. எங்கள் குடும்பத்தில் ஐம்பத்தெட்டு வருஷமாக யாரும் அந்தக் கோயிலை எட்டிப் பார்த்ததில்லை. என்னைப் போல இலங்கையில் பிறந்து, சொந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். வழிச் செலவு எல்லாம் சரியாக இருக்கும். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

அப்பாரு, அதாவது என் அப்பாவின் அப்பா பழனியப்பன், பஞ்ச காலத்தில் அப்பத்தாவோடு கடல் கடந்து வந்தவர். முதலில் காபித் தோட்டம், காபி நோய் கண்டு அழிந்த பிறகு தேயிலை. காடு வெட்டினார், கங்காணி ஆனார், தோட்டத்தில் கொங்கு நாட்டார் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவரே தலைவர். இடது காதின் மேல் நுனி இருக்காது. சின்ன வயதில் நாய் கடித்ததாம். ஊர் சென்னிமலைப் பக்கம் என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது.

கல்யாணப் பேச்சு என்றால் மட்டும் வாய் திறப்பார். "என்ன கூட்டம்?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் பக்கத்தில் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலப் பிரிவில், பிறந்தவர்கள் முன்பின் பார்த்திராதவர்களானாலும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். அப்பாரு சொன்னபடி நாங்கள் குருவிக் கூட்டம். அப்பத்தா தினைக் கூட்டம். மரகதத்துக்குப் பார்த்த மாப்பிள்ளையும் தினைக் கூட்டம்தான். அப்பத்தா வழியில் சொந்தம் திரும்புகிறது என்று எங்களுக்குச் சந்தோஷம். (கூட்டத்தின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் அப்பாவின் தங்கை வள்ளி அத்தைக்குக் கல்யாணமே ஆகவில்லை. எனக்கு எட்டு வயது இருக்கும்போது தேயிலை பாக்டரியில் வேலை பார்த்த ஆறுமுகம் என்பவர் அத்தையைப் பெண் கேட்டு வந்தார். அத்தைக்கும் இஷ்டம். அவர் குருவிக் கூட்டம் என்று தெரிந்ததும் அப்பாரு அத்தையை வாசலுக்கு அழைத்து, பத்துப் பேர் பார்க்க, "இவன் உனக்கு அண்ணன். அண்ணான்னு கூப்பிடு" என்றார். அத்தை கூப்பிட்டாள். அந்த வாரமே ஆறுமுகம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த எந்த வரனுக்கும் அத்தை தலையாட்டவில்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்.

இனி வழி. ஹட்டனில் ஏறி, பொல்கஹவெலையில் வண்டி மாறி, தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம். காற்று காலத்தில் வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்வது நல்லது. நான் இடியப்பம் தின்றுவிட்டு ஏறி அவதிப்பட்டேன். தனுஷ்கோடியில் சுங்கக்காரர் என் பெட்டியிலிருந்த தேயிலைப் பொட்டலத்தை மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டு விட்டார். அங்கிருந்து மதுரை, திண்டுக்கல், பொள்ளாச்சி வழியாகப் போத்தனூர். மூன்றாம் வகுப்புக்கு நாலு ரூபாய் ஒன்பது அணா. பழனிக்குப் போகிறவர்கள் கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைப்பது திண்டுக்கல்லில் நீங்கள் எவ்வளவு வேகமாக ஓடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

போத்தனூரில் அகலப் பாதையில் ஓடும் பெரிய வண்டிக்கு மாற வேண்டும். காலை ஏழு மணிக்கு ஏறி, கோயமுத்தூர், திருப்பூர் தாண்டி ஈங்கூரில் இறங்கினேன். ஐம்பது மைலுக்குச் சற்று அதிகம், பதினைந்து அணா. ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு குதிரை வண்டி. வண்டிக்காரர் என் பூட்ஸைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சிலோன்காரருங்களா?" என்றார். ஆமாம் என்றதும் அரை ரூபாய் கூலி முக்கால் ரூபாய் ஆகிவிட்டது. நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். ஐந்து மைல் சென்னிமலை, அங்கிருந்து வடக்கே மூன்று மைலில் குருவிக் கூட்டத்தின் கோயில்.

சின்னக் கோயில். சுற்றிலும் சோளத்தட்டு அறுத்த காடு. பூசாரியிடம் விவரம் சொன்னதும், குருவிக் கூட்டத்தில் வயதில் மூத்தவரை அழைத்துவர ஆள் அனுப்பினார். நாச்சிமுத்துக் கவுண்டர் தடி ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பது வயது இருக்கும். அப்பாரு பெயரைச் சொன்னேன், பஞ்ச வருஷத்தைச் சொன்னேன், காதைச் சொன்னேன்.

"அந்தக் காது நரி கடிச்சதுங்களா, நாய் கடிச்சதுங்களா?"

"நாய்ங்க, ஐயா."

அவர் பூசாரியைப் பார்த்து, "போயிப் பூவு கொஞ்சம் பறிச்சுக்கிட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார்.

"தம்பி, உங்க அப்பாரு எங்க கூட்டமே இல்லீங்க. அவன் தினைக் கூட்டம். கூட்டிக்கிட்டுப் போன புள்ளையும் தினைக் கூட்டந்தான். பங்காளி ஊட்டுப் புள்ளை."

தப்பான ஆளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்பத்தா பெயர் கேட்டேன். பொன்னாத்தாள் என்று சரியாகச் சொன்னார்.

"ஊருக்குத் தெரிஞ்சா வெட்டிப்போடுவாங்க. பஞ்சத்துல சனமெல்லாம் கங்காணி பின்னால போச்சுங்களே, அதுல இவங்களும் சேந்துக்கிட்டாங்க. 'போற எடத்துல கூட்டம் கேட்டா என்னடா சொல்லுவேன்'னு அழுதான். எங்க கூட்டத்தைச் சொல்லிப்போடு, கடல் தாண்டி ஆரு வந்து பாக்கப் போறாங்கன்னு நாந்தானுங்க சொன்னேன்."

அப்பாருவா? வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, ஒவ்வொரு வரனையும் நிறுத்தி வைத்து, பாட்டன் பூட்டன் வரை கூட்டம் கேட்ட அந்த மனிதரா? ஊர் வழக்கப்படி தங்கை முறையானவளைக் கட்டிக்கொண்டு வந்தவரா? எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. என் மடியிலிருந்த வெற்றிலைத் தட்டு சாய்ந்து பாக்கு இரண்டு உருண்டு விழுந்ததை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்களா? அந்தப் பொய்யினால ஆருக்கும் ஒண்ணும் கெடுதல் இல்லீங்களே?"

அப்போதுதான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. அப்பாரு உண்மையில் தினைக் கூட்டம் என்றால் ஆறுமுகம் அத்தைக்கு அண்ணனே இல்லை. கட்டிக்கொள்ளும் முறை. அது அப்பாருக்குத் தெரியும். தெரிந்துதான் வாசலுக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஆறுமுகத்துக்குப் பெண் கொடுத்தால் தன் கூட்டம் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இதைச் சொன்னதும் பெரியவர் தடியைக் கீழே வைத்தார்.

"பொழச்சுக்கட்டும்னு கூட்டத்தைக் குடுத்தேன் தம்பி. பெத்த புள்ளைய அதுல பலி குடுப்பான்னு நெனைக்கலீங்க." பிறகு கேட்டார்: "இப்ப மாப்பிள்ளை எந்தக் கூட்டமுங்க?"

"தினைங்க."

அந்தக் கணம் வரை நான் அதை நினைக்கவே இல்லை. மரகதத்துக்கும் மாப்பிள்ளைக்கும் அண்ணன் தங்கை முறை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் அன்றோடு சரி.

பூசாரி பூவோடு வந்தார். தட்டை வாங்கிக்கொண்டு, "பொண்ணு எந்தக் கூட்டமுங்க?" என்றார். "குருவிக் கூட்டம்" என்றேன். அப்பாரு கடலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சொன்ன பொய்யை நான் அவர் ஊரிலேயே, சாமிக்கு எதிரில் சொன்னேன். என் குரலே எனக்கு அப்பாருடைய குரலாகக் கேட்டது. நாச்சிமுத்துக் கவுண்டர் மறுக்கவில்லை.

திரும்புகிறவர்கள் கவனிக்க: மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காக என்னை ஐந்து நாள் நிறுத்தி வைத்தார்கள். வேலைக்குத் திரும்பும் நாளைக் கணக்குப் பண்ணும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு போடுவார்கள், போர்வை நாம்தான் கொண்டுபோக வேண்டும். யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். நான் யாரிடமும் சொல்வதில்லை என்று அங்கே முடிவு செய்தேன்.

வீடு வந்து சேர்ந்தது பகல் பதினொரு மணி. மரகதம் குழாயடிக்குப் போயிருந்தாள். அத்தை முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எங்கப்பன் ஊரைப் பாத்தயா கண்ணு?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அத்தை கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. முறம் முழுவதும் பார்த்து முடித்த பிறகு, "அப்ப அந்த மனுசனை நான் அண்ணான்னு கூப்புட்டிருக்க வேண்டியதில்ல" என்றாள்.

மரகதம் குடத்தோடு வரும் சத்தம் கேட்டது. அத்தை எழுந்து முறத்தை எடுத்துக்கொண்டாள்.

"கல்யாணத்த நிறுத்திப்போடாத கண்ணு. அண்ணான்னு நான் ஒருத்தி கூப்புட்டது போதும்."