கவிழ்த்துக் காட்டிய பாட்டில்

என் மகளைப் பள்ளியிலிருந்து மயிலாப்பூர் வீட்டுக்கு அழைத்துவந்த வேன் டிரைவருக்கு நரைத்த மீசை. தோளில் எப்போதும் ஒரு துண்டு. அவளை இறக்கிவிட்டதும் அவளுடைய தண்ணீர் பாட்டிலைத் துண்டால் துடைத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவார்.

“ஒரு சொட்டு இருக்குதா பாரும்மா. கொயந்த சமத்து.”

அவள் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சலாகப் படுத்தபோது, தண்ணீர் குடிக்கிறாளா என்று டாக்டர் கேட்டார். தினமும் பாட்டில் காலியாகத்தான் வருகிறது என்று அடித்துச் சொன்னேன்.

மகள் தலைகுனிந்தாள். “நான் குடிக்கறதே இல்லம்மா. குடிச்சா வேன்ல ஒண்ணுக்கு வரும்னு அங்கிள் சொல்லியிருக்காரு. தண்ணிய அவரே வேன் கண்ணாடியில ஊத்திடுவாரு.”

மறுநாள் அவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை.

“தேனாம்பேட்டை சிக்னல்ல மாட்டிக்கினா வண்டிய எங்கம்மா ஓரங்கட்றது? பாட்டில் அப்படியே வந்தா நீங்க கொயந்தையத் திட்டுவீங்க. அதான் காலி பண்ணிக் குடுத்தேன்.”

வேனை மாற்றிவிட்டேன். கோபம் மட்டும் ஆறவில்லை.

எங்கள் தெருவுக்கு வரும் வேன்களில் அவருடைய கண்ணாடிதான் எப்போதும் பளிச்சென்று இருக்கும். இவ்வளவு சுத்தமான மனிதரிடம் பிள்ளையை விட்டிருக்கிறோம் என்று, அதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக இருந்தேன்.