யார் மாற்றியது

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தின் மாடியில் நான்கு பேர் உட்கார்ந்து பட்டாசு ஆலைகளுக்கு மென்பொருள் எழுதினார்கள். ஓர் அறைக்குள் அனுமதித்ததைவிட ஆள் கூடினால் மணியடித்து எச்சரிக்கும் மென்பொருள் அது. நால்வரில் ஒருத்தியான ஜாஸ்பினின் சித்தி ஓர் ஆலை விபத்தில் போய்ச் சேர்ந்தவள். அதனால் இதை வெறும் பிழைப்பாக ஜாஸ்பினால் நினைக்க முடிந்ததில்லை.

ஆளுக்கொரு பிரதியில் வேலை செய்து, பென்டிரைவில் மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். தீபாவளி சீசன் நெருக்கடியில் ஓர் ஆலைக்குப் பழைய பிரதி போய்விட்டது. ஆள் கூடியும் மணி அடிக்கவில்லை. ஃபோர்மேன் கோட்டைச்சாமி தற்செயலாகப் பார்த்து ஆட்களை வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை.

அதைக் கொண்டுபோய்ப் போட்டவள் மாரிசெல்வி. "பென்டிரைவுல இருந்ததத்தான் போட்டேன்" என்றாள். அதில் பழையதை ஏற்றியது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களுடைய முதலாளி பொன்ராஜ் சந்தேகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ்பினும் வாய் திறக்கவில்லை. மறுநாள் மாரிசெல்வி வேலைக்கு வரவில்லை.

பிறகுதான் மாற்றங்களைப் பதிந்துவைக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அதற்கென்று உள்ள மென்பொருள்களில் பொன்ராஜுக்குப் பழகியது சப்வெர்ஷன்.

"எல்லாம் ஒரே சர்வர்ல இருக்கும். யாரு மாத்துனாகன்னு உடனே தெரிஞ்சிரும்."

"கிட்லயும் தெரியும்ணே" என்று அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளைச் சொன்னாள் ஜாஸ்பின். "ஆலையில நெட்டு கிடையாது. அங்கன வச்சு ஒண்ணத் திருத்துனா, சப்வெர்ஷன்ல ஆபீசுக்கு வந்துதான் பதியணும். கிட்ல முழு வரலாறும் நம்ம லேப்டாப்லயே இருக்கும். அங்கனயே பதிஞ்சிரலாம்."

"படிக்கக் கஷ்டம்லா?"

"நான் சொல்லிக் குடுக்கேன்."

கிட் என்றே முடிவாயிற்று. கிடைத்த பழைய பிரதிகளைத் தேதி பார்த்து ஜாஸ்பின் அதில் ஏற்றினாள். யார் மாற்றியது என்பது மட்டும் எதிலும் இல்லை. பதியாமல் விட்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மாரிசெல்வியின் ஊரான ஆனைக்குட்டத்துக்கு பஸ் ஏறினாள். மாரிசெல்வி வாசலுக்கு வந்து உட்காரச் சொன்னாள்.

"திரும்ப வந்துரு செல்வி."

"நான் இல்லேன்னு தெரிஞ்சுபோச்சாக்கா?"

"தெரியல. இனிமேயும் தெரியாது. நீ இல்லேன்னு நம்பித்தான் வந்திருக்கேன்."

"அன்னைக்கு அதச் சொல்லியிருக்கலாம்" என்றாள் மாரிசெல்வி. குரலில் கோபம் இல்லை. காபி கொடுத்து, பஸ் வரும்வரை கூடவே நின்றாள்.

அவள் வரவில்லை. விருதுநகரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். ஜாஸ்பின் அதைப் பொன்ராஜிடம் சொன்னாள். அவரே மாரிசெல்விக்குப் போன் செய்து, அன்று சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார்.