மச்சான் வந்தால் ஓடும் மெஷின்

என் கடை மேஜை டிராயரில் வட்டமான ஒரு சின்ன பேட்டரி கிடக்கிறது. சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரியது. செத்துப்போனது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனால் போன மாதம் ரிப்பேர்காரர் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அதைக் கழற்றி என் கையில் வைத்த நாளிலிருந்து எனக்கு எதுவும் சரியாகப் புரியவில்லை. தப்பு யார் மேல் என்று யோசிக்கிறேன். ஒரு நாள் என் மேல் என்று தோன்றுகிறது, மறுநாள் மச்சான் மேல். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இதையெல்லாம் பேசிப் புரிந்துகொள்ளும் பழக்கமும் எனக்கு இல்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். போர்ட் பிளேயரில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார், மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ். எனக்குப் பாம்பூஃப்ளாட் ஜெட்டி பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. ஒரு ஃபாரம் பிரிண்ட் எடுக்க வேண்டுமென்றாலும் எங்கள் ஆட்கள் ஃபெர்ரி ஏறி எதிர்க்கரையில் இருக்கும் சாத்தம் போய்த்தான் வருவார்கள். "ஒரு காகிதத்துக்காகக் கடலைத் தாண்டணுமா மாப்ளே?" என்று மச்சான் அடிக்கடி கேட்பார். ஒரு நாள் ஆபீஸ் ஏலத்தில் எடுத்த பழைய கம்ப்யூட்டரை ரெயின்கோட்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஃபெர்ரியில் வந்து இறங்கினார். அன்றைக்கு நல்ல மழை, இடி வேறு. தான் நனைந்ததைத் துடைக்காமல் முதலில் மெஷினைத் துடைத்தார். "கடையைப் பூட்டினா பிளக்கைச் சுவத்துலேர்ந்து பிடுங்கிடணும் மாப்ளே. இந்த ஊரு கரண்ட்டை நம்பாதீங்க" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் செய்திருப்பேன். இடியில் ஒரு டிவி போனது, ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்கி ஒரு ஃப்ரிட்ஜ் போனது என்று கேட்டுக் கேட்டு, எங்கள் பக்கத்தில் சாயங்காலம் பிளக்கைப் பிடுங்காத வீடு கிடையாது.

அந்த மெஷினில் எல்லாரும் வைத்திருக்கும் சிஸ்டத்தின் திருட்டு காப்பியை ஏற்ற மச்சானுக்கு இஷ்டமில்லை. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, உலகத்தில் யார் யாரோ உட்கார்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கிறார்கள், அதைத்தான் போடப் போகிறேன் என்றார். ஜெட்டியில் டீ குடிக்கிறவர்களிடமும் சொல்லிவிட்டார். பென்டிரைவில் கொண்டுவந்து போட்டபோது, மெஷினில் டிஸ்க்கே இல்லை என்றது சிஸ்டம். மச்சான் போர்ட் பிளேயருக்குத் திரும்பிப் போய் இரண்டு வாரம் படித்துவிட்டு வந்தார். சுவிட்ச் போட்டவுடன் ஒரு கீயை அழுத்தினால் நீலமாக ஒரு பக்கம் வரும். அதில் ஒரே ஒரு வரியை மாற்றினார். டிஸ்க் தெரிந்தது. சிஸ்டம் ஏறியது. நோட்டைத் திறந்து கீபோர்டு, மவுஸ், சவுண்டு, நெட் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தார். கடைசியாக பிரிண்டர். தனியாக எதுவும் ஏற்றாமலே அதை அடையாளம் கண்டுகொண்டது. கலர் பட்டைகளோடு வந்த முதல் பக்கத்தை அவரே சுவரில் ஒட்டினார். அவ்வளவு சிரித்து நான் அவரைப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் மெஷின் ஓடவில்லை. திரை கருப்பாகி ஏதோ இங்கிலீஷில் வந்தது. கீழே எஃப் ஒன் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தக் கீயை அழுத்தினேன், டிஸ்க் இல்லை என்று வந்து நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு பத்து மணி ஃபெர்ரியில் மச்சான் வந்தார். அதற்குள் நான் பிளக்கைச் செருகி, அந்தக் கீயை அழுத்தி, தயாராக வைத்திருந்தேன். அவர் நீலப் பக்கத்தைத் திறந்தார். மாற்றிய வரி பழையபடி மாறிக் கிடந்தது. தேதியும் ஏதோ பழைய வருஷத்தில் நின்றது. "இதுவும் மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்லதான் வந்துச்சு போல, எத்தனை வருஷம் லேட்டு பாருங்க" என்று சிரித்தபடி அதையும் சரிசெய்தார். மெஷின் ஓடியது. சாயங்காலம் வரை பிரிண்ட் எடுத்தோம். அவர் போனார், நான் பூட்டினேன். திங்கட்கிழமை மறுபடியும் டிஸ்க் இல்லை.

இப்படியே நாலு ஞாயிறு. மூன்றாவது வாரம் மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார், "மாப்ளே, நீங்க இதுல ஏதாச்சும் தொட்டீங்களா?"

"இல்ல மச்சான்" என்றேன். பொய் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்குவதைத் தொடுவது என்று யார் நினைப்பார்கள்? எஃப் ஒன் மட்டும் மனதில் உறுத்தியது. அதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கூட்டத்தில்தான் எனக்குக் கூச்சம் என்றில்லை, தனியாக இருந்தாலும் எனக்கு வாய் வராது.

நாலாவது ஞாயிறு நாங்கள் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் பெங்காலி டீக்கடைக்காரர் இந்தியில் சத்தமாகச் சொன்னார். "பக்கா சர்க்காரி மெஷின் பாய் இது. சாஹப் வந்தாதான் வேலை செய்யும்." எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். ஃபெர்ரிக்கு நிற்கும்போது, "நான்தான் ஏதோ தப்பாப் போட்டிருக்கேன் மாப்ளே. எதுன்னு தெரியல" என்றார். அந்த வாரமே போர்ட் பிளேயரிலிருந்து ஒரு ஆளை அவரே அனுப்பினார். வந்தவர் லினக்ஸை அழித்துவிட்டு, எல்லாரும் வைத்திருக்கும் அந்தத் திருட்டு காப்பியைப் போட்டார். திங்கட்கிழமை ஓடியது. செவ்வாயும் ஓடியது. காலையில் எஃப் ஒன் அழுத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்படியென்றால் தப்பு மச்சானுடையதுதான் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். அதன் பிறகு அவர் கடைக்கு வந்தாலும் மெஷின் பக்கம் திரும்ப மாட்டார். மாயாபந்தருக்கு மாற்றலானது, பிறகு ரிட்டயர் ஆகி மெயின்லேண்ட் போய்விட்டார். பென்டிரைவையும் நோட்டையும் என்னிடமே விட்டுப் போனார்.

போன மாதம் மெஷின் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று ரிப்பேர் செய்யும் மலையாளி சேட்டனைக் கூப்பிட்டேன். மூடியைத் திறந்ததுமே அந்தப் பேட்டரியை நெம்பி எடுத்தார். பிளக் சுவரில் இருக்கும்வரை மெஷினுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், பிளக்கைப் பிடுங்கினால் இந்தப் பேட்டரிதான் ஞாபகம் வைத்திருக்க வேண்டும், இது என்றைக்கோ செத்துவிட்டது, காலையில் எஃப் ஒன் கேட்டதும் அதனால்தான் என்றார். "டெய்லி நீங்க பிளக்கை ஊரி எடுத்தா இது எல்லாம் மறந்து போகும் சேட்டா." அந்த நீலப் பக்கத்து வரியும் மறக்குமா என்று கேட்டேன். அதுதானே முதலில் மறக்கும் என்றார். திருட்டு காப்பி அந்தப் பழைய வரியிலேயே ஓடக்கூடியது, அதனால்தான் அதற்கு ஒன்றும் ஆகவில்லையாம். புது பேட்டரி போட்டு, மச்சானின் பென்டிரைவிலிருந்து லினக்ஸை மறுபடி ஏற்றச் சொன்னேன். நோட்டைப் பார்த்து அந்த வரியை மாற்றினோம். பூட்டினேன், பிளக்கைப் பிடுங்கினேன். காலையில் ஓடியது.

மச்சானுக்குப் போன் போட எனக்கு எட்டு நாள் ஆனது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"அப்ப நான் போட்டது சரியாத்தான் இருந்துச்சா மாப்ளே?"

"ஆமா மச்சான்."

பிறகு கேட்டார், "பிளக்கைப் பிடுங்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

சுவரில் அந்தக் கலர் பட்டைப் பக்கம் உப்புக்காற்றில் வெளுத்துப்போய் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே, "யாரும் சொல்லல. இங்க எல்லாரும் செய்றதுதானே மச்சான்" என்றேன். "அதானே" என்று சிரித்தார். அவருக்கு உண்மையிலேயே மறந்துவிட்டதா, ஞாபகம் இருந்தும் என்னைக் கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. நான் சொன்னது பொய்யா என்பதும் தெரியவில்லை.

சாயங்காலம் கடையைப் பூட்டும்போது கை தானாகப் பிளக்குக்குப் போகிறது. ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பிடுங்குகிறேன். காலையில் வந்து சுவிட்ச் போட்டால் எஃப் ஒன் கேட்பதில்லை, தேதி சரியாக இருக்கிறது, நீலப் பக்கத்தில் மச்சான் மாற்றிய வரி அப்படியே இருக்கிறது. டிராயரைத் திறந்து செத்த பேட்டரியும் அங்கேயே இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.