போசிக்குள் இருந்த போன்

கோவை ஆர்.எஸ்.புரம் ஸ்கேன் சென்டரில் என் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும். ஒல்லியான உடம்பு, இறுக்கிப் பின்னிய தலை. நிமிடத்துக்கு ஒரு முறை, மாமியார் மடியிலிருந்த எவர்சில்வர் தூக்குப்போசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிர்வீச்சு வயிற்றுப் பிள்ளையைத் தாக்கிவிடும் என்று, மருமகளின் போனை மாமியார் அதற்குள் போட்டு மூடியிருந்தார்.

"பதினொன்றரைக்கு இன்டர்வியூங்க அத்தை. பயப்பட வேண்டாம்னு டாக்டரே சொல்லிப்போட்டாங்க."

"டாக்டரா அம்மணி பெத்துக்கறாங்க?"

"நாந்தானுங்க பெத்துக்கறேன். அப்ப நாஞ் சொல்றதையாச்சும் கேளுங்க."

11.28க்கு மருமகளே போசியைத் திறந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு நாற்காலி தள்ளி வைத்தார். அழைப்பு வந்ததும் கூடம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார். ஏழு மாதம் என்பதையும் மறைக்கவில்லை.

"அப்புறம் எப்படீங்க கணக்கு வேலை பாப்பீங்க?" என்றது போனில் ஆண் குரல்.

"கணக்குப் பாக்கறது தலைங்க, வயிறு இல்லீங்க."

"கொழந்தை பொறந்ததுக்கப்புறம்?" என்றது குரல். மாமியார் எழுந்து போய், போனுக்கு வாயை ஒட்டிவைத்து, "கொழந்தைய நான் பாத்துக்குவனுங்க!" என்று கத்தினார்.

வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. நான் கிளம்பும்போது போன் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. போசி நாற்காலிக்கு அடியில் திறந்தே கிடந்தது.