பெரியம்மாவின் பூப்போட்ட ஸ்டூல்

என் மாமா தன் வாழ்நாளில் செய்த பொருட்களில் உருப்படியாக வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கக்கூஸ். இதைப் பலர் முன்னால் சொன்னால் மாமிக்குக் கோபம் வரும். மாமாவிடமே கேட்டால் ஓம் என்றுதான் சொல்வார், கொஞ்சம் பெருமையாகக்கூட.

அவர் மருதானையில் பிரிட்ஜ் திருத்தும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தைக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். வந்தால் கை சும்மா இருக்காது. உடுப்புக் காயப்போடவென்று எங்கள் பல்கணியில் அவர் பூட்டிய கப்பி, ஈரப் படுக்கை விரிப்புகளோடு கழன்று போய்க் கீழ்வீட்டு டொக்டரின் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு மாமா ஸ்க்ரூ டிரைவரைத் தேடத் தொடங்கினாலே அம்மா தேத்தண்ணியைக் கொடுத்து அவரை ஓரிடத்தில் இருத்திவிடுவார்.

தொடர்மாடியில் எங்களுடையது இரண்டு அறையும் ஒரு கக்கூஸும் உள்ள வீடு. அதில் எத்தனை பேர் இருந்தோம் என்று யாரும் திட்டமாகச் சொல்லமுடியாது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்ற ஏஜென்சிக்காரனை நம்பிக் காத்திருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பாஸ்போட் எடுக்க வந்து பொலிஸ் பதிவுக்கு அலைந்தவர்கள் என்று வருவதும் போவதுமாக இருப்பார்கள். வந்தவர்களில் போகாமல் தங்கியவர் பெரியம்மா. அம்மாவின் மூத்த அக்கா அவர். பெரியப்பா இறந்த பிறகு, சாவகச்சேரிப் பக்கம் இருந்த தன் வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் நடை பழகிய காலத்தில் எங்களிடம் வந்தவர். ஹோலில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அவருடைய கட்டில். திறப்பு தலையணைக்குக் கீழே இருக்கும்.

பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம். அடிக்கடி கக்கூஸுக்குப் போகவேண்டும். ஆனால் ஒருநாளும் எழும்பி நேரே போகமாட்டார். முதலில் ஹோலின் நடுவில் நின்றுகொண்டு வீட்டுக்குப் பொதுவாகக் கேட்பார்:

"ஆரும் போகப் போறியளோ? நான் ஒருக்காப் போட்டு வரட்டோ?"

யாராவது, "ஓம் மாமி, நான் குளிக்கப் போறன்" என்று சொல்லிவிட்டால், அது நேற்று வந்த பொடியனாக இருந்தாலும், "போங்கோ ராசா, போங்கோ" என்று திரும்பப் போய்க் கட்டிலில் குந்திக்கொள்வார். எனக்கு அது பெரியம்மாவின் நல்ல பழக்கம் என்று சொல்லித் தரப்பட்டிருந்தது. நானும் கேட்கப் பழகியிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கையில் சண்டையை நிறுத்தி யாழ்ப்பாணத்துப் பாதையைத் திறந்தார்கள். வெள்ளவத்தையே வான் பிடித்துக்கொண்டு புறப்பட்டது. பெரியம்மா முதல் நாளே பையை அடுக்கிவிட்டார். போய் வந்தவர்கள் கதை சொல்லத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. வழிநெடுக இரண்டு பக்கமும் மிதிவெடியாம். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை மைல் கணக்காக நட்டிருக்கிறதாம். தார் றோட்டை விட்டுக் காலை இறக்கக்கூடாதாம். சோதனைச் சாவடியில் மணிக்கணக்காக நிற்கவேண்டுமாம். ஆம்பிளைகள் றோட்டுக்கரையில் நின்றபடியே அலுவலை முடித்துக்கொள்கிறார்களாம்.

"அப்ப பொம்பிளையள்?" என்று அம்மா கேட்டார்.

"முதல் நாள் பின்னேரத்திலயிருந்து தண்ணி குடிக்கிறதில்லை" என்றார் எதிர்வீட்டு அன்ரி. அவருக்குப் போய் வந்ததிலிருந்து காய்ச்சல்.

பெரியம்மா எழும்பிப் போய்ப் பையிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் வைத்தார். "நான் வரேல்லை. என்னால அடக்கேலாது. நீங்கள் போய் வீட்டைப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மா போகாவிட்டால் யாருமே போகமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் அழவில்லை என்பதுதான் அம்மாவைப் பயப்படுத்தியது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மாமா இருந்தார்.

அடுத்த கிழமை அவர் ஒரு பழைய கட்டிலின் தேக்குப் பலகைகளோடு வந்து இறங்கினார். காலி வீதியில் டொயிலட் சீட் ஒன்று வாங்கினார். மூடியுள்ள பெயின்ட் வாளி ஒன்று கடையிலிருந்து கொண்டுவந்தார். பலகையில் பெட்டி, பெட்டிக்குள் வாளி, வாளிக்குள் தடித்த பொலித்தீன் பை, மேலே சீட். ஒவ்வொருவர் போன பிறகும் ஒரு சிரட்டை மரத்தூளும் கொஞ்சம் சுண்ணாம்பும் போட்டால் மணம் வராது என்றார். பெரியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் நிபந்தனை போட்டார்.

"தம்பி, ஆரும் பாத்தால் என்னெண்டு தெரியக்கூடாது. நீயும் வாய் திறக்கக்கூடாது."

அம்மா மஞ்சள் பூப்போட்ட திரைச்சீலைத் துணியில் உறை தைத்தார். மேலே பஞ்சு மெத்தை வைத்து மூடியதும் பார்த்தவர்கள் யாரும் நல்ல ஸ்டூல் என்றுதான் சொல்லியிருப்பார்கள். "ரெண்டு நாளுக்கு இவ்வளவு பலமாச் செய்யவேணுமோ?" என்று அம்மா கேட்டார். "கிடக்கட்டும்" என்றார் மாமா.

வெள்ளோட்டம் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பாமன்கடையில் வாடகைக்குப் பேசிய வானில் பின்சீட்டைக் கழற்றி, ஸ்டூலை வைத்து, சுற்றிச் சேலை கட்டி, என்னை அதில் ஏற்றிக் கல்கிசை வரைக்கும் போய் வந்தோம். தெஹிவளைப் பாலத்தில் வான் தூக்கிப் போட்டதில் நானும் ஸ்டூலும் சேர்ந்து சரிந்தோம். மாமா அதைக் குறித்துவைத்துக்கொண்டு, ஸ்டூலின் அடியை வானின் தரையோடு ஆணி போட்டு இறுக்கினார். வேறெந்தப் பிள்ளையும் கல்கிசைக்கு அப்படிப் போயிருக்காது என்ற பெருமை எனக்குக் கனகாலம் இருந்தது.

புறப்பட்டோம். வவுனியா தாண்டும் வரைக்கும் ஸ்டூல் சொன்னபடி கேட்டது. பெரியம்மா சேலைக்குப் பின்னால் போகமுன்னர், "ஆரும் போகப் போறியளோ?" என்று வானுக்குள்ளும் கேட்டார். சாரதி றேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். நல்ல மனிதர்.

சோதனைச் சாவடியில் கண்ணுக்கெட்டிய மட்டும் வாகனங்கள். வெயில் உச்சிக்கு வந்தபோது எங்கள் முறை வந்தது. இளம் சிப்பாய் ஒருவன் வானுக்குள் ஏறி ஸ்டூலைத் தட்டிப் பார்த்தான். தூக்கிப் பார்த்தான், அசையவில்லை. பக்கத்தில் ஒரு பை வெள்ளைத் தூள் இருந்தது. இது என்ன என்று கேட்டான். மாமா சிங்களத்தில் கெட்டிக்காரர், உட்காருகிற கதிரை என்று சொன்னார். கதிரையை ஏன் ஆணி அடித்து வைத்திருக்கிறாய், உள்ளே மூடி ஏன், தூள் எதற்கு? மாமா பெரியம்மாவைப் பார்த்தார், வாக்குக் கொடுத்தவர் அல்லவா, மறுபடியும் கதிரை என்றார். எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். வானைச் சுற்றி நின்றவர்கள் பத்தடி பின்னால் போனார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சரியான பதில் இல்லையென்றால் வானைத் திருப்பு என்றார்.

மாமாவின் முகம் வேர்த்து ஒழுகியது. தான் இவ்வளவு நன்றாக மறைத்ததுதான் வினையாகிப்போனது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும்.

பெரியம்மா முன்னால் வந்தார். வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிப் பழகிய சிங்களம் மட்டுமே அவருக்குத் தெரியும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்னும் பின்னும் நின்ற எல்லா வாகனங்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"மல்லி, ஏ மகே டொய்லட் எக."

தம்பி, அது என்னுடைய டொயிலட். சிப்பாய் மெத்தையைத் தூக்கினான், மூடியைத் திறந்தான், பார்த்தான். பெரிய மரியாதையோடு மூடி, உறையைக்கூட ஒழுங்காக இழுத்துவிட்டான். காது இரண்டும் சிவந்துபோயிருந்தது. எங்களை ஓரமாக நின்று, முத்திரை குத்தும் வரைக்கும் காத்திருக்கச் சொன்னார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. பின்னால் நின்ற பஸ்ஸிலிருந்து வெள்ளைச் சேலை உடுத்த சிங்கள அம்மா ஒருவர் இறங்கி வந்தார். நயினாதீவு விகாரைக்குப் போகிற கூட்டம். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் ஏதோ சொன்னார். பெரியம்மா வானின் கதவைத் திறந்துவிட்டார். அந்த அம்மா வானிலிருந்து இறங்கமுன்னரே அடுத்து ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளைத்தாச்சி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கொட்டாஞ்சேனையிலிருந்து மடு மாதா கோயிலுக்குப் போய், அப்படியே மேலே போகிற குடும்பம் ஒன்றின் பெண்கள். கொஞ்ச நேரத்தில் வாகன வரிசைக்குப் பக்கத்தில் பெண்கள் வரிசை ஒன்று உண்டாகிவிட்டது. தண்ணீர் குடிக்காமல் வந்தவர்கள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்கள்.

அம்மா மரத்தூள் போட்டார், நான் சுண்ணாம்பு. பெரியம்மா கதவடியில் நின்று, "ஒராள் ஒராளா வாங்கோ, அவசரப்படாதேங்கோ, எல்லாருக்கும் கிடைக்கும்" என்று அன்னதானம் நடத்துவதுபோல நடத்தினார். வாய் நிறையச் சிரித்தார். அவருக்கு அப்படிச் சிரிக்கவரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தோடம்பழம், பிஸ்கட், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் எங்கள் மடியில் வந்து விழுந்தன. கட்டிய பைகளை மாமா எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்பதை அவர் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. திறப்புத் தேவைப்படவில்லை, கதவு இல்லை. கூரையில் பாதி இல்லை. பின்வளவில் கிணற்றுக்கு அப்பால் இருந்த கக்கூஸைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, மண்டையோட்டுப் பலகை வைத்திருந்தார்கள். வெடி எடுக்கிற ஆட்கள் வரும்வரை அந்தப் பக்கம் போகமுடியாது. மாமாவும் சாரதியும் ஆணியைக் கழற்றி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய்க் குசினி மூலையில் வைத்து, இரண்டு பக்கமும் ஆணி அடித்துச் சேலையைக் கட்டினார்கள். நாங்கள் முன்விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தோம்.

திரும்பி வரும்போது ஸ்டூல் வரவில்லை. பெரியம்மாவும் வரவில்லை. திரும்பிவருகிற வழியில் அடக்கமுடியாது என்ற பயத்தில்தான் பெரியம்மா நின்றுவிட்டார் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். பிறகு பாதை மூடியது, திறந்தது, வெடிகளை எடுத்தார்கள், கூரை போட்டார்கள். பெரியம்மா அசையவில்லை. அவர் வரமாட்டார் என்பது அந்த வீட்டில் முதல் இரவு கழிந்த விடியற்காலையிலேயே தெரிந்திருக்கவேண்டும், அதைக் கண்டவள் நான் ஒருத்திதான்.

எனக்கு விழிப்பு வந்தபோது பெரியம்மா பாயிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தார். எனக்கும் போகவேண்டியிருந்தது. அவர் கேட்பார், "ஓம், நான் போகப்போறன்" என்று சொல்லலாம் என்று வாயைத் தயாராக வைத்துக்கொண்டு கிடந்தேன். பெரியம்மா கேட்கவில்லை. யாரையும் திரும்பிப் பார்க்கவுமில்லை. கொண்டையை முடிந்துகொண்டு, கால் எட்டிவைத்து, நேரே குசினிக்குள் போய்ச் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நெடுநேரம் வெளியே வரவுமில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அம்மாவைத் தட்டி எழுப்பினேன். "பெரியம்மா ஒருத்தரையும் கேக்காமல் கக்கூஸுக்குப் போட்டா" என்றேன்.

அம்மா எழும்பி உட்கார்ந்தார். பக்கத்துப் பாயில் கிடந்த மாமாவை உலுப்பி, நான் சொன்னதைச் சொல்மாறாமல் அவருக்குச் சொன்னார். மாமா சிரித்தார். அம்மாவும் சிரித்தார், ஆனால் கண்ணால் தண்ணீர் ஓடியது. கோள் சொன்னவளுக்கு ஒருவரும் நியாயம் சொல்லவில்லை. நான் காலை இறுக்கிக்கொண்டு, பெரியம்மா ஏன் இப்படிப் பழக்கம் கெட்டுப்போனார் என்று யோசித்தபடி என் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.