அழாத நான்கு வாரங்கள்

முதல் நான்கு வாரங்கள் என் மகள் அழவே இல்லை. நாலரை வயதுப் பிள்ளை. தினமும் காலையில் ஒரு கண்ணை மறைக்கும் பேட்ச் ஒட்டும்போது முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். பார்ப்பவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அவளுக்கு இடது கண்ணில் பவர் மிக அதிகம். பெங்களூர் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். "ரெண்டு கண்ணும் ரெண்டு படம் அனுப்புதும்மா. ஒண்ணு தெளிவு, ஒண்ணு கலங்கல். ஒத்துப்போகல. அதனால மூளை கலங்கலான படத்த ஒதுக்கிடுச்சு. ஜெயிச்ச கண்ணு திறந்திருக்கிற வரைக்கும் தோத்த கண்ணு எழுந்திரிக்காது." கண்ணாடி போட வேண்டும். நல்ல கண்ணான வலது கண்ணைத் தினமும் ஆறு மணி நேரம் மூட வேண்டும். ஏழெட்டு வயதைத் தாண்டினால் பலன் குறைந்துவிடுமாம். நோட்டில் 'வலது' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

மாதம் முடிந்து டாக்டரிடம் மறுபடி போனபோது, "எப்படி ஒட்டுறீங்க, காட்டுங்க" என்றார். ஒட்டிக் காட்டினேன்.

"தினமும் இந்தக் கண்ணுக்கா?"

"ஆமா சார்."

"பாப்பா அழலயா?"

"இல்ல சார், ரொம்ப சமத்து."

அவர் பேட்சை எடுத்து அடுத்த கண்ணில் ஒட்டினார். என் மகள் அறையே அதிர அலறினாள்.

கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் ஓசூரில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை பார்த்தேன். போர்டில் வலது என்றால் பார்க்கிறவளின் வலது. எதிரே நின்ற பிள்ளையின் முகத்தையும் அப்படியே பார்த்து, என் வலது பக்கம் இருந்த அவளுடைய இடது கண்ணை மூடியிருக்கிறேன். பார்க்காத கண்ணை மூடினால் அவள் எதற்கு அழுவாள்? ஏற்கெனவே விழுந்து கிடந்த கண்ணை நானும் சேர்ந்து மிதித்திருக்கிறேன்.

மறுநாள் காலை வலது கண்ணை மூடியதும் என் முன்கையைக் கடித்தாள். நான்கு பற்கள் பதிந்தன. கண்ணாடியைக் கழற்றி எறிந்தாள். அம்மா கண்ணைப் பிடுங்கிவிட்டாள் என்று கத்திக்கொண்டு ஓடி, கதவு நிலையில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டாள். தரையில் கிடத்தி, என் முழங்காலால் அவள் கால்களை அழுத்தி ஒட்டினேன். பிய்த்தாள். புருவ முடியும் தோலும் சேர்ந்து வந்தன. இரண்டு கையாலும் என்னைக் குத்தினாள், ஆனால் குத்துகள் என் காதோரக் காற்றில் போயின. என் முகம் எங்கே இருக்கிறது என்று இடது கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் நான் அறைந்தேன். கன்னத்தில் என் விரல்கள் சிவந்து நின்றன.

கீழ் வீட்டு ஓனரம்மா படியேறி வந்தார். "ஏம்மா, புள்ளய சாவடிக்கிறியா? நானே போலீசுக்கு போன் போடுறேன் பாரு."

"கண்ணுக்கு வைத்தியம்மா."

"நல்லா இருக்குது உன் வைத்தியம்! மூஞ்சில ரத்தம் வருது."

என் கணவருக்கு அந்த மாதம் நைட் ஷிப்ட். பகலில்தான் தூங்க வேண்டும், இந்த அலறலில் எங்கே தூங்குவது? பத்தாம் நாள் நான் காய் வாங்கிவிட்டு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மகள் பேட்சோடு உட்கார்ந்து கலர் அடித்துக்கொண்டிருந்தாள். பேட்ச் இடது கண்ணில் இருந்தது.

"மாத்தி ஒட்டினேன். எவ்ளோ சமத்தா இருக்கா பாரு. ஒரு நாள் தூங்க விடு" என்றார்.

கையிலிருந்த பையை அவர் முகத்தில் வீசினேன். கத்தரிக்காய்கள் அறையெல்லாம் உருண்டன. சட்டையைப் பிடித்தேன், கிழிந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"பைத்தியமாடி உனக்கு?"

"அவ சும்மா இருந்தா அந்தக் கண்ணு செத்துட்டு இருக்குன்னு அர்த்தம்! நான் நாலு வாரம் சாவடிச்சேன், நீங்களும் சாவடிங்க!"

கையை விட்டார். பிறகு மகளை மடியில் இழுத்து, இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். "ஒட்டு. நான் புடிச்சிக்கிறேன்."

அவர் தாடையில் தலையால் மோதினாள். என் மீது துப்பினாள். நான் வலது கண்ணை மூடி, ஓரங்களை விரலால் அழுத்தினேன். அவர் பிடி நழுவியது. விடுபட்ட சின்ன முஷ்டி நேராக வந்து என் மூக்கில் இறங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பட்டுச்சா?" என்று பதறினார்.

பட்டது. தற்செயலாகவும் பட்டிருக்கலாம். நான் அருகில் இருந்ததால் இருக்கலாம்.

"புடிக்காதீங்க, விடுங்க" என்றேன்.

சற்றுப் பின்னால் போய், முகத்தை ஒரு பக்கமாக நகர்த்தினேன். மகள் தலையைச் சாய்த்து, இடது கண்ணைச் சுருக்கி என்னைத் தேடினாள். அடுத்த குத்து அங்கேயும் வந்து விழுந்தது.