கட்டிலுக்காகச் சுருக்கிய கதை

குவைத்தில், ஃபர்வானியாவில் எங்கள் அறையில் ஒரு கட்டில் காலியானது. அதில் படுத்திருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். மிஞ்சியது மூன்று பேர்: நான், கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த லிப்ட் டெக்னீஷியன் ஒருவர், அறை யார் பெயரில் இருக்கிறதோ அந்த அண்ணை. அண்ணை அறுபதை நெருங்கியவர். யாழ்ப்பாணத்தில் எனக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஃபர்வானியாவில் கட்டில் காலியாவது ஒரு விஷயமே இல்லை. விளக்குக் கம்பத்தில் ஒரு தாளை ஒட்டினால் அடுத்த நாளே ஆள் வந்துவிடும். ‘தமிழர் மட்டும்’ என்று அந்தத் தாளில் எழுதுவது வழக்கம். மலையாளிகள் மலையாளிகளுக்கு மட்டும் என்று எழுதுவார்கள், மற்றவர்களும் அப்படித்தான். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. அந்த மாதம் வரைக்கும் நானும் நினைத்ததில்லை.

அந்த மாதம் எனக்கு வேண்டிய ஒருவருக்குக் கட்டில் தேவைப்பட்டது. அவர் எங்கள் கம்பனியில் சேஃப்டி ஆபிசர், நான் ஸ்டோர் கீப்பர். சிம்பாப்வேக்காரர், புலவாயோ பக்கம், இண்டெபெலே இனம். ஹெல்மெட், கையுறை, கயிறு என்று எதற்காவது ஸ்டோருக்கு வருவார். வந்தால் மத்தியானச் சாப்பாடு என்னோடுதான். சோறோ கீரையோ, எதுவானாலும் கடலை வெண்ணெயைப் பிசைந்துதான் தின்பார். முதலில் முகம் சுளித்த நான், பிறகு அந்தப் போத்தலுக்குள் கரண்டியை விட முந்திக்கொண்டேன். அவருடைய சைட் முடிந்துவிட்டது, கேம்பை மூடப்போகிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். புது சைட் எங்கள் பக்கத்தில்தான். மாதக் கடைசிக்குள் வெளியே ஓர் இடம் பார்த்துக்கொண்டால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் டிக்கெட்டைக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

விளக்குக் கம்பத் தாள்களில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் அடித்துப் பார்த்தாராம். போனில் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு மரியாதையாக வரச்சொல்வார்களாம். கதவைத் திறந்து ஆளைப் பார்த்ததும் கட்டில் போய்விட்டது என்பார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் அறையில் ஒரு கட்டில் இருக்கிறது என்று நான் வாயை விட்டுவிட்டேன். அண்ணையிடம் இன்னும் கேட்கவே இல்லை.

அண்ணை ஓம் என்றால் அறையே ஓம் என்றுவிடும். ஆனால் அண்ணையிடம் ஒரு காரியத்தை நேரே கேட்டு வாங்கியவன் இன்னும் பிறக்கவில்லை. சுற்றித்தான் வரவேண்டும். எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது, அல்லது தெரியும் என்று நினைத்தேன்.

அண்ணை ஊரில் சனசமூக நிலையச் செயலாளராக இருந்தவர். நாலு பேர் கூடினால் அவருக்கு அது கூட்டம். கூட்டம் என்றால் வரவேற்புரை வேண்டும், நன்றியுரை வேண்டும், பேசியவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி சமைத்து, பக்கத்து அறைகளிலிருந்து எங்கள் ஆட்கள் வந்து சாப்பிட்டு முடிந்ததும் பாயை விரித்துக் கூட்டம் தொடங்கிவிடும். பேச்சு எப்போதும் ஒரே விஷயம்தான், உலகத்தில் எங்கெங்கே யார் யார் ஆயுதம் தூக்கிப் போராடினார்கள் என்பது. வியட்நாம், அல்ஜீரியா, எரித்திரியா. தோற்றுப்போன நாங்கள் வென்றவர்களின் கதையைப் பல் குத்திக்கொண்டே கேட்போம். அண்ணையின் அலுமாரியில் உடுப்பு குறைவு, பொன்னாடைதான் அதிகம்.

வெள்ளையனை எதிர்த்துப் போராடிய ஒருவரின் மகன் என் கம்பனியில் இருக்கிறார், கூட்டத்தில் பேச வைப்போமா என்று கேட்டேன். அண்ணை கேட்ட முதல் கேள்வி, அவர்கள் வென்றவர்களா என்பது. வென்றவர்கள்தான் என்றேன், பெருமையாக. அவர் என் முகத்தைப் பார்க்காமலே, கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். கட்டிலைப் பற்றியும் அப்போதே ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். ஆள் வரட்டும், பார்ப்போம் என்றார். பாதிக் கிணறு தாண்டிவிட்ட சந்தோஷம் எனக்கு.

நண்பரிடம் போய், அப்பாவின் போராட்டத்தைச் சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள், வெற்றியைச் சொல்லுங்கள் என்று பாடம் எடுத்தேன். இது கட்டிலுக்கு இன்டர்வியூவா என்று கேட்டார். சேச்சே என்றேன். வெள்ளிக்கிழமை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள்தான் அப்படி உடுத்துவார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது.

அவர் ஆங்கிலத்தில் பேச, நான் தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களின் ஆங்கிலம் சைட் ஆங்கிலம். அவர் வேகத்துக்கு அது காணாது. அண்ணைக்கு அதுவும் இல்லை, வேலையிடத்து ஹிந்தியும் கொஞ்சம் அரபியும்தான்.

நன்றாகத்தான் தொடங்கினார். வெள்ளையர்கள் தங்கம் தேடி வந்து நிலத்தையும் மாட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். முதலில் இண்டெபெலே எழுந்தார்கள், சில மாதங்களில் ஷோனாக்களும் எழுந்தார்கள். ஈட்டியும் பழைய துவக்கும் இயந்திரத் துவக்கின் முன்னால் எத்தனை நாள் நிற்கும்? அடக்கிவிட்டார்கள். சாமி வந்து வாக்குச் சொல்லும் ஒரு ஷோனாப் பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். அவளுடைய எலும்புகள் எழும்பும் என்று சனம் நம்பிக்கொண்டே இருந்தது. பேரப்பிள்ளைகள் காலத்தில் திரும்ப எழுந்தார்கள். அவருடைய அப்பா இளவட்டத்தில் எல்லையைக் கடந்து போய் சாம்பியாவில் பயிற்சி எடுத்து, சாம்பேசி ஆற்றைத் தாண்டித் துவக்கோடு திரும்பி வந்தவர். ஷோனாப் பெடியன்கள் பெரும்பாலும் மொசாம்பிக்கிலிருந்து வந்தார்கள். இரண்டு படை, எதிரி ஒருவன். இரண்டு படைக்கும் சோறு போட்டது கிராமத்துப் பெண்கள்.

நான் உற்சாகத்தில் மிதந்தேன். அவர் ஆற்றைத் தாண்டினார் என்றால் நான் முதலை நிறைந்த ஆற்றைத் தாண்டினார் என்றேன். பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சுதந்திரக் கொடி ஏறிய இடத்துக்கு வந்தபோது ஒருவர் கண்ணைத் துடைத்தார். கட்டில் கிடைத்த மாதிரிதான்.

அதோடு அவர் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. குரல் இறங்கியது. விடுதலைக்குப் பிறகு இரண்டு படைகளுக்கும் நடுவே சந்தேகம் மூண்டது, சில வருடங்களில் புது அரசாங்கத்தின் சிப்பாய்கள் அவருடைய அம்மாவின் கிராமத்துக்கு வந்தார்கள் என்று சொன்னார். வெள்ளையர்கள் இல்லை, சொந்த நாட்டுச் சிப்பாய்கள். அப்பா காட்டில் ஒளிந்திருந்தார். சிற்றப்பா அகப்பட்டார். ஊராரைக் கொண்டே குழியை வெட்டுவித்து அவரைச் சுட்டார்கள். மூடிய மண்ணின் மேல் ஊராரை நிற்க வைத்து விடுதலைப் பாட்டுகளைப் பாடி ஆடச் சொன்னார்கள். அழுதவர்களுக்கு அடி. அவருடைய அம்மா, சின்னப் பிள்ளையாக இருந்த இவரை முதுகில் கட்டிக்கொண்டு பாடினாராம். விடுதலைப் பாட்டு என்றால் எனக்கு இன்றைக்கும் என் அம்மாவின் முதுகு நடுங்கியதுதான் ஞாபகம் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் முறை.

நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணையின் தம்பி வேறோர் இயக்கத்தில் இருந்தவர். அவரை எங்கள் பெடியன்களே சந்தியில் வைத்துச் சுட்டார்கள். ஆர்மி இல்லை, எங்கள் பெடியன்கள். அழுதால் அடுத்த பிள்ளையையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று தாய் வாயில் சீலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றாராம். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை, யாரும் வாய் திறக்காத கதை. அண்ணையும் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. இதை நான் தமிழில் சொன்னால் அவர் முகம் என்னாகும், கூட்டம் என்னாகும், கட்டில் என்னாகும்?

“சுதந்திரத்துக்குப் பிறகு சில கஷ்டங்கள் இருந்தன. இப்போது நல்லாயிருக்கிறார்கள். அவருடைய அம்மா விடுதலைப் பாட்டெல்லாம் பாடுவாராம்” என்றேன்.

கைதட்டினார்கள். நன்றாக, பலமாக, அவருடைய அம்மாவுக்காக. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை எழுந்து பொன்னாடையைப் போர்த்தினார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

நண்பர் போன பிறகு கட்டில் பேச்சு வந்தது. ஆள் நல்ல ஆள்தான், ஆனால் அவங்க சாப்பாட்டு வாடை ஃப்ரிட்ஜில் நிற்கும் என்றார் குமரிக்காரர். கட்டடக் காவல்காரன் கேள்வி கேட்பான், போலீஸ் வரும் என்றும் சொன்னார். பக்கத்து அறைக்காரர் ஒருவர், சற்று முன்னால் அவர் தோளில் கையைப் போட்டு செல்ஃபி எடுத்தவர், காப்பிலியை அறைக்குள் விடுவதா என்று கேட்டார். கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் அந்த வார்த்தை எங்கள் பேச்சில் எவ்வளவு சுலபமாக வருகிறது. நான் வாயைத் திறக்கவில்லை. ஓர் இனத்தின் போராட்டத்தை ஒரு மணி நேரம் வாய் கிழியப் பேசிய அதே வாய். அண்ணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வேண்டாம் தம்பி” என்று மட்டும் சொல்லிப் படுக்கப் போனார். அவரும் இவ்வளவுதானா என்று எனக்கு வெறுத்துப் போனது.

அடுத்த நாள் ஸ்டோரில் நண்பரிடம், கட்டிலை வேறொருவருக்கு ஏற்கெனவே சொல்லிவைத்துவிட்டார்களாம் என்றேன். மற்றக் கதவுகளில் அவர் கேட்ட அதே பொய். அவர் தலையாட்டினார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார். அம்மா பாடியதைச் சொன்னபோது ஏன் கைதட்டினார்கள்? அது எங்கள் வழக்கம், துன்பப்பட்டவர்களுக்கு அப்படித்தான் மரியாதை செய்வோம் என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பதில் என்று எனக்கே தெரியாது. அவர் என்னை நம்பினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

மாதக் கடைசியில் டிக்கெட்டோடு ஊருக்குப் போனார். போய்ச் சேர்ந்து ஒரு மெசேஜ் போட்டார். குவைத்தில் முன்பின் தெரியாத ஆண்கள் நீ பாடியதற்காகக் கைதட்டினார்கள் என்று அம்மாவிடம் சொன்னாராம். அம்மா திரும்பத் திரும்ப அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாராம். இத்தனை வருடத்தில் யாரும் அதற்காக அவருக்கு ஒரு மரியாதை செய்ததில்லையாம்.

அந்த மெசேஜை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கோபம் எல்லோர் மேலும் பாய்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணையோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அந்த மனுசன் எங்கே, கண்டு கனநாளாயிற்று என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நிறத்தைப் பார்த்துத்தானே வேண்டாம் என்றீர்கள் என்று கத்திவிட்டேன். அண்ணையிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். “நிறமோ? சீ. அவர் வெண்டவன்ரை பிள்ளை. நாங்கள் எல்லாத்தையும் குடுத்திட்டு வந்து கிடக்கிறம். நாளும் பொழுதும் காலமை எழும்பி ஒரு வெண்டவன்ரை முகத்திலை முழிக்க என்னாலை ஏலாது தம்பி.”

அப்போதுதான் விட்ட பகுதியைச் சொன்னேன். குழியை, பாட்டை, முதுகில் கட்டிய பிள்ளையை. நான் முடித்த பிறகு அண்ணை, தாயும் பாடினவவோ என்று கேட்டார். ஓம் என்றேன். அழவிடேல்லையோ என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கை வெங்காயச் சருகை அள்ளி அள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தது.

“உந்தக் கதையை நீர் அண்டைக்குச் சொல்லியிருந்தா, நான் என்ரை கட்டிலையே விட்டிட்டுக் கீழை படுத்திருப்பன்” என்றார். பிறகு, “அவருக்கு ஃபோன் எடும். என்ரை தம்பியைப் பற்றி நான் அவரோடை கதைக்கோணும். அண்டைக்கு உது ஒண்டும் தெரியாமல்தான் நாங்கள் கைதட்டினது எண்டும் சொல்லோணும். நீர் ஒண்டும் விடாமல் இங்கிலீசிலை சொல்லும்” என்றார்.

நான் சொன்னால் அந்தக் கைதட்டல் எதற்காக என்று நண்பருக்குத் தெரிந்துவிடும். அங்கே ஒரு தாய்க்கும் தெரிந்துவிடும். ஆகவே நான் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறேன், காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன், திரும்பி உள்ளே வருகிறேன். அண்ணை துவாயால் முகத்தைத் துடைத்து, சட்டை போட்டுக்கொண்டு, ஊருக்குப் பேசப்போகிறவர் மாதிரி கதிரையில் உட்கார்ந்திருக்கிறார்.

“லைன் கிடைக்கேல்லை அண்ணை” என்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிறார், வெள்ளிக்கிழமை தவறாமல் சொல்கிறேன்.